பதினான்காவது மரம்

ஊசிமலைத் தோட்டப் பாடசாலை,
கந்தப்பளை.
6.9.1981

அன்புள்ள ஆண்டியப்பா,

உன் முகவரியைப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற லெட்சுமி அக்காவிடம் வாங்கினேன். அவர் கொடுக்க யோசித்தார். "அவன் ஒங்களுக்குக் குடுக்கச் சொல்லலியே மாஸ்டர்" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டுக் கொடுத்தார்.

நானுஓயா ஸ்டேசனுக்கு நான் வந்திருந்ததை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, ட்ரங்குப் பெட்டியின் பூட்டைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டாய். ரயில் புறப்படும்வரை நிமிரவில்லை. உன் அம்மா மட்டும் கையை ஆட்டினார். கப்பலில் அவருக்குத் தலைசுற்றல் வந்ததா? கோத்தகிரியில் உனக்கு என்ன வேலை? இங்கே தேயிலை அரைக்கிற ஸ்டோரில் உன் சல்லடையை இப்போது கந்தப்பன் பிடிக்கிறான். தூளைப் பாதி கீழே சிந்துகிறான் என்று டீமேக்கர் திட்டுகிறாராம்.

டர்ப்பன்டைன் காட்டில் நாம் மரங்களுக்குச் சுண்ணாம்பால் போட்ட வளையங்கள் இன்னும் அழியவில்லை. நீ போனபின் யாரும் தட்டு எறிந்து விளையாட வருவதில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து நான் மட்டும் போனேன். நீ ஓரம் தட்டித் தந்த பால்மா டின் மூடியை எடுத்துப் போயிருந்தேன். முதல் மரத்திலிருந்து ஏழாவது வரை எறிந்தேன். ரெட்டை மரத்தில் எனக்கு ஆறு எறிகள் ஆயின. அந்த இரண்டு அடிமரங்களுக்கு நடுவே ஒரு முழ இடைவெளிதான் இருக்கிறது. நீ அதில் எப்படித்தான் ஒரே வீச்சில் விடுவாயோ. எட்டாவது கூனி மரம். முழங்கால் போட்டுக் கிளைக்கு அடியில் தாழ்வாக எறிய வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் கண்டதைச் சொன்னேன். கண்டதைச் சொன்னதற்காக ஆறு மாதம் ஒரே தோட்டத்தில் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் இருந்தாயே, அது நியாயமா?

ஞானரட்ணம்


கோத்தகிரி,
2.10.1981

ஞானரட்ணம் மாஸ்டர் அவர்களுக்கு,

அம்மாவுக்குக் கப்பலில் தலை சுற்றவில்லை. அவருக்குத் தலை சுற்றியது பெப்ரவரி மாதம், ஊசிமலையில்.

நியாயம் கேட்டிருக்கிறீர்கள். முதலிலிருந்தே எழுதுகிறேன். பாடம் நடத்துகிறவருக்கு வரிசை முக்கியம்.

நான்கு வருடம் நாம் அந்தக் காட்டில் டின் மூடி எறிந்தோம். மூன்று எறியில் மரத்தைத் தொட்டால் முழுப்பேர், நான்கில் தொட்டால் அரைப்பேர், அதற்கு மேல் போனால் பேர் வெட்டு. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கண்டாக்கு நாள் கூலியை வெட்டி நம்மை வதைக்கிற சொற்களையே எடுத்துக் காட்டுக்குள் விளையாடினோம். தொரைமாருக்கு நுவரெலியாவில் புல் வெட்டி வைத்த மைதானம் இருக்கிறது. நமக்குப் பதினான்கு மரமும் அட்டைக்கடியும் இருந்தன. அதுவும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் தொரையின் தங்கை மகன் கொழும்பிலிருந்து வந்தான். கையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள். வெளிநாட்டுச் சாமான். "யார் இங்க கெட்டிக்காரன்?" என்று கேட்டான். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். தொரைக்கு அன்றைக்கு நல்ல குஷி. "ஆண்டியப்பன், நீ ஜெயிச்சா பொம்பளைங்க ஞாயித்துக்கிழமை காட்டுல வெறகு பொறுக்கலாம். தோத்தா ஒரு சுள்ளி தொடப்படாது" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது சிரிப்பு. அதற்கு முந்திய வருடம்தான் விறகு பொறுக்கத் தடை போட்டிருந்தார்கள். நம் அப்பன்மார் நட்ட மரத்திலிருந்து உதிர்கிற சுள்ளி! ஈரத் தேயிலைக் கவ்வாத்துக் குச்சியை ஊதி ஊதிக் கண் சிவந்து பெரட்டுக்குப் போன பெண்களை நீங்களும் பார்த்தீர்கள்.

பதின்மூன்று மரம்வரை சமம். கடைசி மரம் எறிகிற இடத்திலிருந்து தெரியாது. அதனால் பாறைமேல் ஒருவர் கண்ணுக்கு நிற்க வேண்டும். மாஸ்டர் நின்றால் சரி என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். அவன் நாலாவது எறியில் தொட்டான். நான் மூன்றாவதை விட்டேன். நீங்கள் தொரையைப் பார்த்துச் சொன்னீர்கள்: "ஓடையத் தாண்டிருச்சுங்க." ஓடையைத் தாண்டினால் தோல்வி. முடிந்தது.

ஐந்தாவது வாரம் அம்மா ஒரு கட்டுச் சுள்ளியோடு பிடிபட்டார். இரண்டு வாரம் பேர் வெட்டு. அப்பா சாவதற்கு முன் எழுதிப் போட்டு வாங்கிய இந்தியப் பாஸ்போர்ட் ஆறு வருடமாகப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. போக வேண்டாம் என்று அதை அங்கே போட்டு வைத்ததே அம்மாதான். அவரே வெளியில் எடுத்தார். "ஒரு கட்டுச் சுள்ளிக்கு வெரட்டுற எடத்துல இன்னும் என்னடா இருக்கு?" என்றார்.

நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள், சரி. அந்த உண்மை யாருக்குத் தேவைப்பட்டது? பொய்யாகவாவது "தொட்டுருச்சு" என்று ஒரு வார்த்தை சொல்ல நம் ஆட்களில் உங்களுக்கு ஒருத்தரும் பெரிதாகப் படவில்லையா? உங்கள் சேவைச் சான்றில் தொரை கையெழுத்து வைத்துவிட்டாரா?

ஆண்டியப்பன்


கந்தப்பளை,
8.11.1981

ஆண்டியப்பனுக்கு,

கையெழுத்து வைத்துவிட்டார். கேட்டதற்குப் பதில் அது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தபோது எல்லா ஆசிரியருக்கும் அந்தச் சான்று தேவைப்பட்டது. எனக்கு மட்டும் கொடுத்த பரிசு அல்ல.

காட்டுக்குள் ஒருவர் எறிவதை ஒருவர் பார்க்க முடியாது, அதனால் அவரவர் கணக்கை அவரவரே சொல்ல வேண்டும், சொன்னதை மற்றவர் நம்ப வேண்டும் என்று விதி வைத்தவன் நீ. முதல் வருடம் கந்தப்பன் ஐந்தை மூன்று என்று சொல்லி மாட்டிக்கொண்டபோது ஒரு மாதம் அவனைக் காட்டுக்குள் விடவில்லை. "பெரட்டுலதான் பொய்யி. இங்கயுமா?" என்று கேட்டாய். அந்த விதி தொரை வந்ததும் மாறிவிடுமா?

உன் அம்மா வீரம்மாவுக்கு நடந்ததற்கு நான் வருந்துகிறேன். இதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஞானரட்ணம்


கோத்தகிரி,
21.2.1982

ஞானம்,

மூன்று மாதம் உனக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன். இங்கே தமிழில் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. ஆனால் ரெட்டை மரம் என்றால் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை. ரேஷன் கடைக்காரர் எங்களை "பர்மா" என்று கூப்பிடுகிறார். சிலோன் என்று இரண்டு தடவை திருத்தினேன். "எல்லாம் ஒண்ணுதாம்ப்பா" என்றார். அம்மாவுக்கு அதில் சிரிப்பு. யாராவது கதவைத் தட்டினால் "பர்மாக்காரி வாறேன் இரு" என்கிறார். எங்கள் குடிசைக்குப் பின்னாலும் இதே டர்ப்பன்டைன் மரம்தான், இங்கே தைலமரம் என்கிறார்கள். சுள்ளி பொறுக்க யாரும் தடை சொல்வதில்லை. முதல் நாள் அம்மா ஒரு கட்டுக் கட்டிவிட்டு, தூக்காமல் அதன்மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். யாராவது வந்து எழுதிக்கொள்வார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

நீ எழுதிய விதி சரி. அதனால்தான் இதை எழுதுகிறேன். உன்மேல் எனக்கு இருந்த கோபம், நீ உண்மையைச் சொன்னாய் என்பதற்கு. நீ கண்டதாகச் சொன்னதை நான் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாகப் போனது. ஏனென்றால் அன்றைக்குத் தட்டு கையை விட்டபோதே தெரியும். இரண்டாவது விரலில் கடைசியாக உரசிப் போனது. அப்படி உரசினால் வலது பக்கமாக ஏறி, காற்றில் ஒரு மூச்சு நின்று, இடது பக்கம் இறங்கும். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அப்படிப்பட்ட எறி ஓடையைத் தாண்டிப் போனது என்றால், என் கைக்கே ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இங்கே வந்து ஒரு டின் மூடியைக்கூட எடுக்கவில்லை. எடுத்தால் என் கையை நானே நம்பமாட்டேன். ஒரு வருடமாக இப்படித்தான் இருக்கிறேன். சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை. அதுதான் கேவலம்.

ஆண்டியப்பன்


கந்தப்பளை,
20.6.1982

ஆண்டியப்பா,

உன் கடிதத்துக்கு நான்கு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இன்றைக்குக் கிழிக்க முடியாது.

காட்டை வெட்டுகிறார்கள். ஸ்டோர் அடுப்புக்காம். மேலிருந்து தொடங்கி, முந்தாநாள் ஓடைக்கரைக்கு வந்தார்கள். பதினான்காவது மரம், நாம் பாசிக்கிழவி என்று பேர் வைத்த மரம், உனக்குத் தெரியும், அது டர்ப்பன்டைன் அல்ல. தோட்டம் போடுவதற்கு முன்பிருந்த காட்டு மரம். அதையும் சாய்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு நான் போனபோது மரம் வெட்டுகிற அழகன் கையில் கோடரியோடு நின்றான். "மாஸ்டர், கெழவி மடியில ஒண்ணு வச்சிருந்திருக்கா" என்றான்.

கிளைக் கவட்டில், பெரணிச் செடிக்கும் பாசிக்கும் நடுவில், உன் ஆரஞ்சுத் தட்டு. நிறம் போய் ஒரு பக்கம் பச்சை பிடித்திருந்தது. செருகியது செருகியபடி இருந்தது. செருகியிருந்த சாய்வைப் பார்த்தால், வலது பக்கமாக ஏறி, இடது பக்கம் இறங்கியிருக்கிறது. உன் கை சொன்னது சரி.

மரத்தின் எந்த இடத்தைத் தொட்டாலும் தொட்டதுதான் என்பது நம் விதி. மூன்றாவது எறி. நீ ஜெயித்திருந்தாய்.

இனி எழுத வேண்டியது இது. நான் பார்க்கவில்லை. அந்த நேரம் ஓடையிலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. தட்டு எனக்கு மேலே போனது மட்டும் தெரிந்தது. பிறகு சத்தம் எதுவும் இல்லை. மரத்தில் பட்டால் டொக்கென்று கேட்கும், கேட்கவில்லை. பாசிமேல் விழுந்தால் கேட்காது என்று எனக்குத் தோன்றவேயில்லை. தொரை கீழிருந்து, "மாஸ்டர், எங்க போச்சு?" என்று கேட்டார். தெரியவில்லை என்ற சொல் வாய்வரை வந்தது. தெரியவில்லை என்றால் நான் உன் பக்கம் இழுப்பதாக அவர் நினைப்பார் என்று பயந்தேன். சான்று அவர் மேசையில் கிடந்தது. அதனால் கண்டதுபோலச் சொன்னேன்.

பொய் சொல்லவில்லை, ஊகித்தேன் என்று ஒன்றரை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் விதியை எடுத்து உன்னையே அடித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம்கூடச் சொல்லவில்லை. உன் பெப்ரவரிக் கடிதம் வந்த பிறகு அந்த ஊகமும் எனக்கு உதவவில்லை.

ஞானரட்ணம்


கோத்தகிரி,
9.7.1982

ஞானரட்ணம்,

படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

எனக்கு எழுதிவிட்டாய். எனக்கு எழுதினால் போதுமா? ஏரோகிராமை ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. பாதர் காதில் சொல்வதும் அப்படித்தான். அந்த விறகு என் விறகு அல்ல. நாற்பது வீட்டு விறகு. தொரை முன்னால் சொன்ன பொய்யைத் தொரை முன்னால்தான் எடுக்க வேண்டும். பெரட்டுக்களத்தில், காலையில், எல்லாரும் நிற்கும்போது.

உனக்கு வேலை போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அது தெரியாமல்தான் என் அம்மா சுள்ளி பொறுக்கப் போனார்.

சொல்லிவிட்டு எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

ஆண்டியப்பன்


கந்தப்பளை,
29.8.1982

ஆண்டியப்பா,

சொல்லிவிட்டேன்.

உடனே போகவில்லை என்பதையும் எழுத வேண்டும். இரண்டு தடவை பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் போய், பள்ளிக்கூடத்துக்கு நேரமானவன்போலத் திரும்பினேன். போனதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை தொரையும் வந்திருந்தார். கண்டாக்கு பேர் கூப்பிட்டு முடிக்கும்வரை நின்றேன். பிறகு தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னேன், ஆண்டியப்பன் ஜெயித்திருந்தான் என்று. பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளுக்குக் கேட்கும் என் குரல் அன்றைக்கு முன்வரிசைக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க மாஸ்டர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டாவது தடவை சொன்னேன்.

தொரை சிரித்தார். "அது சும்மா வெளையாட்டு மாஸ்டர். விட்டுடுங்க" என்றார்.

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்ற நாகலெட்சுமி கேட்டாள்: "வெளையாட்டுன்னா எங்க வெறகு எதுக்குங்க போச்சு? வீரம்மா பேரு எதுக்குங்க வெட்டுச்சு?"

"மலைக்குப் போங்க, மலைக்குப் போங்க" என்று கண்டாக்கு கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பெண்கள் கயிற்றோடு வெட்டிய காட்டுக்குள் போனார்கள். கிளையும் பட்டையுமாக மலைபோலக் கிடந்தது. கண்டாக்கு பாதையில் புத்தகத்தோடு நின்றார். "எழுதுங்க, எழுதுங்க. எல்லாப் பேரையும் எழுதுங்க. பந்தயத்துல ஜெயிச்ச வெறகு" என்று நாகலெட்சுமி சொல்லிக்கொண்டே போனாள். அவர் எழுதவில்லை. எழுதினால் திங்கட்கிழமை கொழுந்து எடுக்க ஆளிருந்திருக்காது.

நானும் அங்கே நின்றேன். யாராவது நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. நாகலெட்சுமி என்னைப் பார்த்தாள். "நீங்க பெரட்டுல சொன்னீங்க, சரி. வீரம்மா இங்க இருக்கறப்ப சொல்லியிருக்கணும்" என்றாள். பிறகு, "சும்மா நிக்காதீங்க, இந்தக் கட்டத் தூக்குங்க" என்றாள். அவளோடு வந்த வேலாயியின் கட்டு. லயத்து வீடுகள்வரை சுமந்தேன். வழியில் இரண்டு தடவை இறக்கி வைத்தேன். என் மாணவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். கழுத்து இன்னும் திரும்பவில்லை.

என்னை ராகலைப் பக்கம் மாற்றும்படி தொரை கல்விக் கந்தோருக்கு எழுதியிருப்பதாகக் கேள்வி. பார்ப்போம்.

காட்டில் இப்போது அடிக்கட்டைகள்தான் இருக்கின்றன. சில கட்டைகளில் நம் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பச்சையைத் துடைக்கவில்லை.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். வேண்டாம், சொல்லாதே. தனிக் கடிதம் எழுதுகிறேன். நீ படித்துக் காட்டு.

ஞானம்


கோத்தகிரி,
17.10.1982

ஞானம்,

தட்டு வந்து சேர்ந்தது. சுங்கத்தில் பார்சலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். என்ன சாமான் என்று அவர்களுக்கும் விளங்கியிருக்காது.

அம்மாவுக்கு உன் இரண்டு கடிதங்களையும் படித்தேன். மன்னிப்புக் கேட்ட பக்கத்தை ஒரு தடவைதான் படிக்க விட்டார். நீ வேலாயி கட்டைச் சுமந்ததை மட்டும் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். "ரெண்டு எடத்துலயா எறக்குனாரு? ரெண்டு எடந்தானா?" என்று கேட்டார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் உன்மேல் கோபம் முழுதாகப் போகவில்லை. காட்டை வெட்டிய பிறகு கிடைத்த விறகு எத்தனை மாதத்துக்கு எரியும்? அடுத்த தடை வரும்போது நீ ராகலையில் இருப்பாய், நான் இங்கே இருப்பேன். நாகலெட்சுமிதான் நிற்க வேண்டும்.

போன ஞாயிறு பின்னால் இருக்கிற காட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் வெள்ளை அடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கேட்டு வாங்கி, மரங்களுக்கு வளையம் போட்டேன். பதின்மூன்று. பதினான்காவதை இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன். இங்கே சரிவு இன்னும் மோசம். நான்காவது மரத்துக்கு முன்னால் ஒரு பள்ளம், மூன்றாவதைச் சுற்றி முள். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று இன்னும் பிடிபடவில்லை. கையும் பழசுபோல இல்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடத் துருவல்லவா?

முதல் மரம் நான்கு எறிகள். இரண்டாவது மூன்று. தட்டு விரலில் உரசிப் போனது. போகும்போதே எனக்குத் தெரிந்தது. மூன்றாவதில் மூடுபனி இறங்கிவிட்டது. முள்ளுக்குள் விழுந்தது, விழுந்த இடத்திலிருந்தே குனிந்து எறிந்தேன், மறுபடியும் முள்.

கண்ணுக்கு நிற்க இங்கே ஆளில்லை. சுற்றிலும் ஒருவரும் இல்லை. மூன்றாவது மரத்துக்கு எட்டு எறிகள், ஞானம். எட்டு என்றே எழுதிக்கொள்.

ஆண்டி